மாஸ்க்குக்குள் தண்ணீர்

“குளத்துல முங்கும்போது மூக்கைப் பிடிச்சுக்குவியா, மாட்டியா?” என்று ஆபீசர் கேட்டார். பிடித்துக்கொள்வேன் என்றேன். “அப்ப ஒனக்கு இது வராதும்மா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மணமேல்குடிக் கடற்கரையில், கடலுக்கடியில் வளரும் புல்லை ஆராய்வதற்காகப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகைதான் எங்கள் அலுவலகம். நான் அங்கே குறிப்பெழுதும் வேலையில் சேர்ந்த முதல் வாரம் அது. அவர் கேள்வி கேட்டபோது மேசைமேல் கறுப்பு ரப்பர் விளிம்பும் முட்டை வடிவக் கண்ணாடியுமாக ஒரு மாஸ்க் கிடந்தது. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் அந்தச் சாமானை நான் அதுவரை பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் எனக்கு வராது என்று அவர் எப்படிச் சொல்லலாம் என்று கோபம் வந்தது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் ஆலங்குடிக்குப் பக்கம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதையும் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதையும் நான் வாசித்துச் சொன்னால்தான் எங்கள் வீடே மருந்து குடிக்கும், பஸ் ஏறும். பத்து வயதிலிருந்தே நான் சொன்னது சட்டம். புதுக்கோட்டையில் விலங்கியல் பட்டமும் வாங்கிய பிறகு கேட்கவே வேண்டாம். எனக்கு வராத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை முதலில் சொன்னவர் ஆபீசர்தான்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதராஸ்காரர், நல்ல மனிதர், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். மாஸ்க் மாட்ட வேண்டுமென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அவருக்கு எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது. இந்தக் கண்ணோடுதான் அவர் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவார். ஒருநாள் மேலே வந்து, பெரிய ஆமை ஒன்று அசையாமல் ஓய்வெடுக்கிறது, எழுதிக்கொள் என்றார். எழுதிக்கொண்டேன். எங்கள் வல்லத்தை, அதாவது நாட்டுப்படகை, ஓட்டும் அண்ணன் நங்கூரக் கயிற்றை இழுத்தார். ஆமை மெதுவாக மேலே வந்தது. அது எங்கள் நங்கூரக் கல். அந்த வாரத்தில் அது இரண்டாவது ஆமை.

ஆகவே, கீழே இறங்கக் கண் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது. என் வேலையோ தற்காலிகம். ஆடி பிறப்பதற்குள் நான் கற்றுக்கொண்டால் அந்த இடம் எனக்கு. இல்லையென்றால் மதராஸிலிருந்து ஒரு பையன் வருவான், நான் பெட்டியைக் கட்ட வேண்டும். பெட்டி போய் இறங்கும் வீட்டில் என் ஆத்தா, அதாவது என்னைப் பெற்றவள், அரிசி மில்லில் கணக்கெழுதும் ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தாள்.

சிலிண்டரைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு வித்தை கைவர வேண்டும் என்பது ஆபீசரின் கட்டளை. தண்ணீருக்குள் இருக்கும்போதே மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், மேலே வராமல் அங்கேயே அதை வெளியேற்ற வேண்டும். மாஸ்க்கின் மேல்விளிம்பை விரலால் நெற்றியோடு அழுத்திக்கொண்டு, முகத்தை நிமிர்த்தி, மூக்கால் பலமாக ஊத வேண்டும். ஊதிய காற்று உள்ளே மேலேறி நிற்கும். தண்ணீர் கீழ்விளிம்பு வழியே ஓடிவிடும். கொட்டகையில் உட்கார்ந்து கேட்டபோது இதைவிட எளிய காரியம் இல்லை என்று தோன்றியது.

மார்பளவுத் தண்ணீரில் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. முதலில் மூக்கு. மூலையில் பூ வேலை செய்த கைக்குட்டை வைத்திருக்கும் பட்டதாரிப் பெண் இரண்டு ஆண்களுக்கு முன்னால் மூக்கைச் சிந்துவதா? சூடான பாலை ஆற்றுவதுபோல் ஊதினேன். தண்ணீர் அசையவில்லை. உப்பு கண்ணில் ஏறி, மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கியது. என் தம்பியின் பைஜாமாவையும் முழுக்கைச் சட்டையையும் போட்டுக்கொண்டு நின்றதால், மரியாதைக்காக வல்லத்து அண்ணன் என் பக்கமே திரும்ப மாட்டார். என்னை ஏற்றி வரும்போதெல்லாம் கரையைப் பார்த்துக்கொண்டே கடலுக்குள் ஓட்டுவார். ஒருமுறை சேற்றுத் திட்டில் ஏற்றிவிட்டு, “மன்னிச்சுக்க தங்கச்சி, பாக்கல” என்றார்.

வெட்கத்தை ஒருவழியாக விட்டு, பலமாக ஊதவும் பழகினேன். அப்போதும் தண்ணீர் போகவில்லை. ஆபீசர் நிமிரு, நிமிரு என்று கத்திக்கொண்டே இருந்தார். நிமிர்ந்துதானே இருக்கிறேன் என்று நினைத்தேன். தொட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சம். ஆழம் பார்க்கும் மூங்கில் கழியால் என் தாடையைத் தூக்கிவிட்டார். கழி போன திசைக்கு எதிர்த்திசையில் என் கழுத்து இறங்கியது.

வீட்டில் பழகிக் காட்டுகிறேன் என்று மாஸ்க்கைப் பையில் போட்டு ஊருக்குக் கொண்டுபோனேன். நெல் அவிக்கும் அண்டாவில் தண்ணீர் நிரப்பி, குனிந்து முகத்தை முக்கி, புஸ் புஸ்ஸென்று ஊதினேன். வேலி ஓரமாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி என்னவென்று கேட்க, மானத்தைக் காப்பாற்ற ஆத்தா, “தலைவலிக்கு மதராசு வைத்தியம்” என்று சொல்லிவைத்தாள். மறுநாள் காலையில் எங்கள் வாசலில் இரண்டு பெண்கள் தலைவலியோடு நின்றார்கள். வேறு வழியில்லாமல் அவர்களுக்கு மாஸ்க்கை மாட்டி, முகத்தை அண்டாவில் முக்கி எடுத்தேன். ஒருத்திக்குத் தலையில் கோத்திருந்த நீரெல்லாம் வடிந்து, பாரம் இறங்கி, உடம்பே லேசானதுபோல் இருந்ததாம். மருமகளை எப்போது அழைத்து வரலாம் என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்த ஊரில் தண்ணீர் வடியாமல் நின்றது எனக்கு மட்டும்தான். அண்டாவுக்குள் குனிந்திருக்கும்போது கண்ணாடிதான் அடிப்பக்கம். தண்ணீர் அதில்தான் தேங்கும், காற்றுதான் ஓரம் வழியே தப்பிக்கும். பரீட்சையில் இதைவிடக் கடினமான கேள்விக்கெல்லாம் பதில் எழுதியவள் இதை யோசிக்கவில்லை.

ஆனி முடியும் தறுவாயில், இன்று கடைசி முயற்சி, நாளை மதராஸுக்கு எழுதிவிடுவேன் என்றார் ஆபீசர். அன்றைக்குப் பார்த்து ஆத்தா பஸ் பிடித்து வந்து இறங்கினாள். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், கையோடு அழைத்துப் போகிறேன் என்றாள். பைஜாமாவோடு தண்ணீரில் நின்ற என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, இந்த மனிதர் என்னைத் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில், கரையில் நின்றபடியே ஆபீசரிடம் என் பெருமையைச் சொன்னாள்.

“சார், இந்தக் கோலத்தப் பாத்து தப்பா நெனைக்காதீங்க. எம்மக குனிஞ்ச தல நிமிராம வளந்த புள்ள.”

ஆபீசர் மூங்கில் கழியைத் தண்ணீரில் போட்டார். “அதாம்மா கோளாறே. மூணு மாசமா தொண்டை கிழியக் கத்துறேன். இவளுக்கு நிமிரவே வராது.”

வல்லத்து அண்ணன் சிரித்துவிட்டார். அன்றுதான் முதல்முறையாக எங்கள் பக்கம் திரும்பினார். ஆத்தாவின் முகம் சிவந்தது. நான் படித்ததைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வாள். அவள் மகளுக்கு ஒன்று வராது என்று வெளியாள் சொல்லக் கூடாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீருக்கு வந்துவிட்டாள்.

“யாருக்கு வராது? அவ நிமிந்தா நீங்க தாங்க மாட்டீங்க சார்” என்றவள், என் பக்கம் திரும்பி, “என்னடி பாத்துக்கிட்டு நிக்கிற? நிமிந்து காட்டு” என்றாள்.

மூழ்கினேன். மாஸ்க்கின் விளிம்பை நானே விலக்கித் தண்ணீரை உள்ளே விட்டேன். கண் எரிந்தது. கழுத்து வழக்கம்போல் இறங்கப் பார்த்தது. இருபது வருஷமாகப் பெரியவர்கள் எதிரே வந்தாலும், வாத்தியார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், பரிசு வாங்க மேடை ஏறினாலும் என்னைக் கேட்காமலே இறங்கிய கழுத்து அது. அதைப் பிடித்து நிறுத்தினேன். மேலே வெயில் பட்டு ஆடும் நீர்ப்பரப்பைப் பார்த்தேன். நெற்றியில் விரலை அழுத்தி, கைக்குட்டையை மறந்து, எங்கள் ஊர்ப் பெண்கள் எழவு வீட்டில் சிந்துவதுபோல் மூக்கைச் சிந்தினேன். கண்ணாடியில் தண்ணீர்க்கோடு புருவத்திலிருந்து கன்னத்துக்கு இறங்கி, பிறகு காணாமல் போனது. ஆபீசரின் முழங்கால், ஆத்தாவின் மெட்டி, கணுக்காலைச் சுற்றி அலைந்த புல் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. இன்னும் இரண்டு முறை தண்ணீரை உள்ளே விட்டு வெளியேற்றிவிட்டுத்தான் எழுந்தேன். மூக்கிலிருந்து மோவாய் வரை வழிந்ததை வல்லத்து அண்ணன் பார்க்காததுபோல் மறுபடி திரும்பிக்கொண்டார். மதராஸுக்கு எழுத வேண்டியதில்லை என்றார் ஆபீசர்.

இப்போது கடற்புல்லைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கல்லூரிகளுக்குக் கூப்பிடுகிறார்கள். மேடையில் கழுத்து இன்னும் இறங்கப் பார்க்கிறது, நிறுத்திக்கொள்கிறேன்.

அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, வெள்ளிக்கிழமை அவர்களை வரச் சொல்லவா என்று ஆத்தா கேட்டாள்.

“வரச் சொல்லு ஆத்தா. ஆனா நிமிந்துதான் உக்காருவேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப வேணாம். இன்னொரு வருசம் போகட்டும்” என்று சொல்லி, பஸ் எங்கே போகிறதென்று என்னைக் கேட்காமல் கண்டக்டரிடம் தானே விசாரித்து ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

நான் கொட்டகைக்குத் திரும்பியபோது ஆபீசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிலிண்டரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்று அலுத்திருப்பாய் என்று சொல்லியபடி கண்ணாடியை மாட்டி நிமிர்ந்தார். அதற்குள் நான் சிலிண்டரை முதுகில் ஏற்றி, மார்புப் பட்டையை இறுக்கி முடித்திருந்தேன்.