ஹெட் போன சனிக்கிழமை

கொதித்துப்போன ரேடியேட்டரின் மூடியைத் திறந்ததும் குபுக்கென்று வரும் ஆவிக்கு ஒரு வாசனை உண்டு. துருப்பிடித்த இரும்பும் ஈரச் சாக்கும் சேர்ந்து வெந்ததுபோல, லேசாக இனிப்பும் கலந்து, அரை நாளைக்கு மூக்கை விட்டுப் போகாது. எழுபதுகளின் கடைசியில் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்த எனக்கு, குடும்பத்தோடு வெளியே போவது என்றாலே அந்த வாசனைதான். பத்துமலையானாலும் கல்யாண வீடானாலும், பாதி வழியில் அப்பா காரை ஓரங்கட்டி, நனைத்த கோணிச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்குவார். அம்மா பட்டுப்புடவை மடியில் தண்ணீர் நிரப்பிய ரோஸ் சிரப் போத்தல்கள் இரண்டை வைத்துக்கொண்டு தயாராக இருப்பார். இன்ஜின் சூட்டைக் குறைக்க வேண்டுமானால் காருக்குள் ஹீட்டரைப் போட வேண்டும் என்று வேறு யாரோ அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கோலாலம்பூர் மத்தியான வெயிலில் ஹீட்டர் போட்ட காரில் வந்து இறங்கும்போது அம்மாவின் மல்லிகைப்பூ வாடி, என் பவுடர் கழுத்து வரை வழிந்து, நாங்கள் இருவரும் அப்போதுதான் தட்டிலிருந்து எடுத்த இடியாப்பம் மாதிரி இருப்போம்.

இந்தக் காரை அப்பாவின் தலையில் கட்டியவர் கிள்ளான் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவர். வளர்ந்த தம்பி கிள்ளானில் பழைய கார்களை வாங்கி, தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து விற்றுக்கொண்டிருந்தார். “இன்ஜின் தங்கம் அத்தான்” என்று அம்மாவின் தலைமேல் கையை வைத்துச் சத்தியம் செய்து அவர் கொடுத்த கார், மூன்றாம் மாதமே கொதிக்க ஆரம்பித்தது. கேட்டால், “நீங்க ஓட்டுற விதம் அப்படி” என்றார் மாமா. அப்பாவை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவர் கார் ஓட்டும் விதத்தை மட்டும் சொல்லக்கூடாது. “கெட்டுப்போன இன்ஜின்னு தெரிஞ்சேதான் கொடுத்தேன்னு ஒத்துக்கிட்டு என் வாசப்படி ஏறு. இல்லாட்டி ஏறாதே” என்று சொல்லிவிட்டார். மாமாவும் ரோஷத்தில் குறைந்தவர் அல்ல. இரண்டு வருஷம் அந்தப் பக்கமே வரவில்லை.

அம்மா இதற்காக அப்பாவோடு ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் தீபாவளிக்குத் தம்பிக்குப் பிடிக்குமே என்று அதிரசம் சுட்டு, டப்பாவில் அடுக்கி, யாரிடம் கொடுத்தனுப்புவது என்று தெரியாமல் பொங்கல் வரைக்கும் அலமாரியில் வைத்திருந்தார். நான் ஒவ்வொன்றாகத் திருடித் தின்று தீர்த்தது தெரிந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோபோல இருந்தது.

இங்கே அப்பாவின் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஹெட் கிளார்க். எங்கள் குவாட்டர்ஸ் வரிசையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘ஹெட்டு’. அம்மா ‘ஹெட் வீட்டம்மா’, நான் ‘ஹெட்டு மக’. அந்த வரிசைக்கே ஒரு டெலிபோன்தான் இருந்தது; அது பக்கத்து வீட்டில் இருந்ததால் அந்த வீட்டுக்காரம்மாள் ‘டெலிபோன் ஆன்டி’ ஆகிவிட்டார். எந்தச் செய்தியும் அவர் காது வழியாக வந்து, அவர் வாய் வழியாகத்தான் எங்களுக்குக் கிடைக்கும். வழியில் கொஞ்சம் சதை போட்டிருக்கும்.

அன்று சனிக்கிழமை, அப்பாவுக்கு அரை நாள் வேலை. காலையில் ஆபீஸுக்குப் போகும் வழியில் கார் ஒரு மேட்டில் ஏற மாட்டாமல் புகைவிட்டு நின்றுவிட, அப்பா ஆளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் ஆ சோங்கின் பட்டறையில் விட்டுவிட்டு, டெலிபோன் ஆன்டியின் நம்பரையும் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார். ஆபீஸ் டெலிபோனில் சொந்த விஷயம் பேசுவது அவருக்குப் பாவம் செய்வது மாதிரி. எங்களுக்கு இது எதுவும் தெரியாது. ஆ சோங் தமிழர்களோடே வளர்ந்த சீனர், நன்றாகத் தமிழ் பேசுவார். என்ன, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லும் வழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

பதினொரு மணிவாக்கில் டெலிபோன் மணி அடித்தது. “ஆன்டி, பக்கத்து வீட்டுக்குச் சொல்லு லா. ஹெட் போச்சு. ரோட்டுலயே சூடு ஏறி நின்னு போச்சு. நான் திறந்து பாத்தாச்சு, உள்ள தண்ணியே இல்ல. இனி ஒன்னும் செய்ய முடியாது.”

ஆன்டிக்கு ‘ஹெட்’ என்றால் அப்பாதான். பேசுவது யார் என்றுகூடக் கேட்கத் தோன்றாமல், “இப்ப எங்க இருக்கு?” என்றாராம்.

“இங்கதான் இருக்கு. பாடி எல்லாம் ஓகே. திங்கக்கெழம வந்து பாக்கச் சொல்லு.”

ஆன்டி எங்கள் வீட்டுக்குள் வந்தபோது அது முழுச் செய்தியாக வளர்ந்திருந்தது. ஹெட்டு நடுரோட்டில் சூடு தாங்காமல் விழுந்துவிட்டார், பெரியாஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துவிட்டார்கள், உடம்பில் தண்ணீர்ச் சத்தே இல்லையாம், ‘பாடி’ திங்கட்கிழமைதான் கிடைக்குமாம். அம்மா அழவில்லை. மீன் கறி கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, “என் தம்பிக்குச் சொல்லுங்க” என்றார். அந்த இரண்டு வருஷத்தில் தம்பி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அப்போதுதான். எனக்கு வயது ஒன்பது. அப்பா இனி வரமாட்டார் என்பது புரிந்தது. கூடவே, இனிமேல் ஹீட்டர் போட்ட காரில் போக வேண்டாம் என்றும் ஒரு நினைப்பு வந்து தொலைத்தது, அதை நினைத்துத்தான் ஓவென்று அழுதேன்.

எங்கள் வரிசை ஆட்களுக்கு வேலை சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணிக்குள் வாசலில் கூடாரம் கட்டி, கோயிலிலிருந்து நாற்காலி இறக்கிவிட்டார்கள். மாமா கிள்ளானிலிருந்து யாரோ ஒரு வாடிக்கையாளருக்கு விற்க வைத்திருந்த காரை எடுத்துக்கொண்டு பறந்து வந்தார். வாசலிலேயே செருப்பை உதறி, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதற ஆரம்பித்தார்.

ஒன்றரை மணிக்கு அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்திருக்கிறார். கூடாரத்தையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்திருந்த கோடி வீட்டு அங்கிளிடம் குனிந்து, “என்ன ஆச்சு?” என்றார். அங்கிள் தலையை நிமிர்த்தவில்லை.

“ஹெட் போயிருச்சு. ரோட்டுலயே சூடு ஏறி நின்னு போச்சாம்.”

“ஹெட்டா? நான் கேஸ்கெட்டுன்னு இல்ல நெனச்சேன்” என்றார் அப்பா.

அங்கிள் நிமிர்ந்து பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்து கூடாரக் கம்பைப் பிடித்துக்கொண்டார். அப்பாவோ, தம் கார் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்காக ஊரே கூடியிருப்பதைப் பற்றி யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து வந்த மாமாவின் குரலைக் கேட்டுவிட்டார்.

“தெரிஞ்சேதான் கொடுத்தேன் அத்தான். ஹெட்டுல வெடிப்பு இருந்துச்சு அத்தான். பசை வச்சு அடைச்சு, மேல பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தேனே. இப்ப யாருகிட்ட போயி ஒத்துக்குவேன்...”

அப்பா கூடத்துக்குள் வந்து மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். “வெடிப்பு எத்தன இஞ்சு?”

“ரெண்டு இஞ்சு இருக்கும் அத்தான்” என்றார் மாமா, மடியிலிருந்து முகத்தை எடுக்காமலே.

மாமா மெல்லத் திரும்பினார், பார்த்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்துகொண்டார். டெலிபோன் ஆன்டி சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அம்மா எழுந்து வந்து அப்பாவின் முகத்தையும், வேர்வையில் நனைந்த சட்டையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு தம்பியின் முதுகில் பலமாக ஒன்று வைத்தார்; வைத்த கையாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒத்துக்கிட்டான். படியும் ஏறிட்டான். சொன்ன வார்த்தைய நீங்க காப்பாத்துங்க” என்றார் அப்பாவிடம். அப்பா ஹெட் கிளார்க். தாமே போட்ட உத்தரவை அவரால் மீற முடியாது. அணைத்த அடுப்பு மறுபடி எரிந்தது, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மீன் கறி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் செலவு ஆரம்பித்தது. ஹெட்டுக்கு மட்டும் நூற்றெண்பது வெள்ளி என்றார் ஆ சோங். மாமா காப்பார் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் தேடி வேறொரு ஹெட்டைப் பாதி விலைக்குக் கொண்டுவந்தார். அதை மாட்டுவதற்காகக் கீழே பார்த்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தது. ரிங்கைப் பார்க்கப் போனதில் பேரிங்கும் போயிருந்தது. ஆ சோங் ஒவ்வொரு சாமானாகத் துடைத்து எடுத்து வைக்க வைக்க, தொகை அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. “வெடிப்பு உன்னுது, அது என் செலவில்ல” என்பார் அப்பா. “கொதிக்கக் கொதிக்க ஓட்டி ரிங்கைத் தேச்சது நீங்க” என்பார் மாமா. இப்படிச் சனிக்கிழமைதோறும் மாமா கிள்ளானிலிருந்து வருவார், இரண்டு பேரும் பட்டறையில் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். பேரிங் யாருடையது என்பது மட்டும் தீரவே இல்லை. கடைசியில் அம்மா, அக்கம்பக்கத்தாரோடு கூட்டுக் கட்டி எடுத்த சீட்டுப் பணத்தைக் கொண்டுவந்து வைத்து, “அந்தப் பேரிங்கு என்னோடது” என்றார்.

ஒரு வழியாகக் கார் வந்தது. பத்துமலை போய்த் திரும்பும் வரை துளி ஆவி இல்லை, முணுமுணுப்புகூட இல்லை. அப்பா விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். வீடு நெருங்கும்போது அம்மா பின்சீட்டிலிருந்து, “ஏதோ சத்தம் வருதே” என்றார்.

அப்பா காரை நிறுத்திக் காதைக் கொடுத்துக் கேட்டார். “ஒன்னும் இல்லியே.”

“உங்களுக்குக் கேக்காது. தம்பி வந்து பாக்கட்டும்.”

அடுத்த சனிக்கிழமை மாமா வந்தார். பானெட்டைத் திறந்து, வெகுநேரம் குனிந்து கேட்டுவிட்டு, “ஆமா அத்தான், லேசா இருக்கு” என்று, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த ஒரு நட்டை மேலும் இறுக்கினார். அப்புறம் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அந்தக் கார் எங்களிடம் இருந்த வரைக்கும் மாதம் ஒரு தடவையாவது அம்மாவுக்குச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சில மாதங்களில் அம்மா மறந்தால் அப்பாவே டெலிபோன் ஆன்டி வீட்டுக்குப் போய், “மச்சான், உங்கக்காவுக்குச் சத்தம் கேக்குதாம், வந்துட்டுப் போ” என்று சொல்லிவிட்டு வருவார்.

அந்தக் குவாட்டர்ஸ் வரிசையை எப்போதோ இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டடங்கள் நிற்கின்றன. ஆ சோங்கின் பட்டறை இருந்த இடம் எது என்று என்னால் காட்ட முடியவில்லை. இப்போதைய கார்களில் இன்ஜினைப் பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்து வைத்திருக்கிறார்கள். பழுது என்றால் கம்ப்யூட்டர் ஒயரைச் செருகி, குனியாமலே செலவைச் சொல்லிவிடுகிறார்கள், சண்டை போடவும் இடமில்லை. அப்பா உண்மையிலேயே போனபோது செய்தி என் கையிலிருந்த போனுக்கே நேராக, எந்தப் பிழையும் இல்லாமல் வந்தது.

அம்மா இப்போது செமினியில் என்னோடு இருக்கிறார். மூன்று வருஷமாக அவருக்குக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. மாமா கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறார், கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். போன மாதம் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பும்போது, அம்மா பின்சீட்டிலிருந்து என் தோளைத் தட்டினார். “ஏதோ சத்தம் வருதுடி. உங்க மாமா பாக்கட்டும்” என்றார். நான் காரைக் கிள்ளான் பக்கம் திருப்பினேன்.

மாமா ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தார். அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“சூடா இருக்குக்கா. ஆற நேரமாகும்” என்றார்.

அம்மா அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படி ஏறிக்கொண்டிருந்தார்.