மாட்டுக்கு வெந்த மொச்சை

என் மூத்த பையனைப் பெற்றபோது எனக்கு அம்மா இல்லை. பிறந்த ஊரான மணவூரில் அப்பா, எங்கள் நைனா, ஒருத்தர்தான். அதனால் தலைப்பிரசவமும் திருத்தணியில், மாமியார் வீட்டிலேயே ஆயிற்று.

பிள்ளை பெற்றவளுக்கென்று பின்கட்டில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. சுவரின் உச்சியில் ஒரு பொந்து. அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை. தீட்டு என்று எனக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு. கதவைத் தாண்டக் கூடாது. மலைக்குப் போகிற காவடி மேளம் தெருவில் கேட்கும். எட்டிப் பார்க்க வழியில்லை. பூண்டும் மிளகும் போட்ட சோறு ஒரு பிடி, வெந்நீர் ஒரு மடக்கு. பருப்பு, மொச்சை, வேர்க்கடலை எதுவும் ஆகாது. தாய் தின்றால் பிள்ளைக்கு வயிறு உப்பி மாந்தம் வரும் என்பார்கள்.

எனக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டு வீறிடும். பிறகு வீறிடக்கூடத் தெம்பில்லாமல் முனகத் தொடங்கியது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

யுத்த காலம். அரிசிக்கே பஞ்சம். என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ரயிலுக்கு மூட்டை ஏற்றுகிறவர். ரயில்வேக்காரர்களுக்கு அங்கே ஒரு தானியக் கடை உண்டு. எது வருகிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒருநாள் உருண்டையாய், வெளிர் மஞ்சளாய் ஒரு பயற்றைப் பை நிறையக் கொண்டுவந்தார். சோயா மொச்சையாம். மாமியார் ஊறப் போடாமல் அப்படியே குழம்பில் போட்டார். கல்லு மாதிரி கிடந்தது, பச்சை வாடை வேறு. மாமனார் துப்பிவிட்டு எழுந்துபோனார். அதோடு அந்தப் பை கொட்டகைக்குப் போயிற்று.

கொட்டகையில் ஒரு பசு. எனக்குச் சற்று முன்னால்தான் அதுவும் கன்று ஈன்றிருந்தது. மாட்டுக்குக் கொள்ளு வேகவைக்கிற பானையில் மாமியார் அந்த மொச்சையை ஊறவைத்து, குழைய வேகவைத்து, தவிட்டோடு பிசைந்து வைப்பார். வெந்த வாசனை பொந்து வழியாக என் அறைக்குள் இறங்கும். எனக்கு வாயில் எச்சில் ஊறும். இதை எழுத எனக்கு வெட்கமில்லை, பசி பசிதான்.

வீட்டுக்காரர் ஒருநாள் வாசற்படியில் நின்று தன் அம்மாவிடம் சொன்னார்: "கறியில இருக்கிற பலம் இதுல இருக்குதுன்னு கடையில சொன்னாங்கம்மா. அவளுக்குக் கொஞ்சம் குடேன்."

"பலம் வேணும்னா நீ தின்னுட்டு மூட்டை தூக்கு. புள்ள பெத்தவ சமாச்சாரத்துல தலையிடாத."

அவர் போய்விட்டார். நான் யாரிடமும் கேட்டு வாங்கித் தின்று வளர்ந்தவள் இல்லை. இருந்தும், மறுநாள் சோற்றுத் தட்டை உள்ளே தள்ளிய கையைப் பார்த்துக் கேட்டேன்.

"அத்தே, மாடு பால் எப்படிக் கறக்குது?"

"அதுக்கு இன்னா? செம்பு வழியக் கறக்குது. அந்த மொச்சை வந்ததிலேர்ந்து ஒரு சுத்து பெருத்துகினு வருது."

"கன்னுக்குட்டிக்கு மாந்தம் வந்துச்சா?"

மாமியார் என்னை முறைத்தார். "மாடும் நீயும் ஒண்ணாடி?"

"ஆங், ரெண்டு பேரையும்தான் கட்டிப் போட்டுகினு இருக்கீங்க. தீனியில மட்டும் இன்னாத்துக்கு வித்தியாசம்?"

அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "என் ரெண்டாவது புள்ளையை மாந்தந்தான்டி கொண்டுகினு போச்சு. நான் ஒரு பிடி வேர்க்கடலை தின்னேன். ஒரே ஒரு பிடி" என்றார். அதுவரை அப்படி ஒரு பிள்ளை இருந்ததே எனக்குத் தெரியாது. மடியில் பிள்ளை முனகியது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஒரு மண்சட்டி வந்தது. நன்றாக ஊறி, குழைய வெந்து, தோல் நீக்கி மசித்த மொச்சை. பூண்டும் மிளகும் தட்டிப் போட்டிருந்தார்.

"நேத்தே நான் தின்னு பாத்துட்டேன். வயிறு ஒண்ணும் பண்ணல. கொஞ்சமாத் தின்னு."

தின்றேன். பொழுது சாயும்வரை அவர் நிலைப்படியை விட்டு எழவில்லை. பிள்ளையின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இருந்தார். வயிறு உப்பவில்லை. அதன்பின் தினமும் சட்டி வந்தது. வாரம் திரும்புவதற்குள் என் ரவிக்கை நனைந்தது. சோயாவால் வந்த பாலா, வயிறு நிறைந்ததால் வந்த பாலா, எனக்குத் தெரியாது. இப்போது டாக்டர்கள் பிள்ளை பெற்றவளுக்குப் பருப்பும் சோயாவும் நல்ல சத்து என்கிறார்கள். அரைவேக்காட்டில் மட்டும் தின்னாதீர்கள் என்று நானும் சொல்லிவைக்கிறேன்.

பிள்ளை வாய் நிறையக் குடித்துத் தூங்கிய அன்று கேட்டேன்: "நான் எப்போ அத்தே வெளியே வர்றது?"

"பால்தான் வந்துடுச்சே, இன்னும் இன்னாடி அவசரம் உனக்கு?" என்று காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

பொந்துக்கு அந்தப் பக்கம், பசுவை மேய்ச்சலுக்கு அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் கழுத்துமணி தெருக்கோடி வரை கேட்டது.