ஆரியங்கோட்டு அண்டியாபீசில் ஒளித்து வைத்த கஞ்சிச் சட்டி

தொழிலாளர்களின் உடல்நலத்துக்கு ஒரு வேலையிடம் என்ன செய்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் பிழைப்பு. ஓணம் முடிந்த மறுவாரம் ஆரியங்கோட்டுக்குப் போனேன். அங்கே ஒரு முந்திரி ஆலை. ஊரார் பேச்சில் அண்டியாபீஸ்.

நாகர்கோவிலில் காலை பாசஞ்சர் பிடித்தால் பத்து ரூபாய்க்கு, ஒரு மணி நேரத்தில் பாறசாலை. அங்கிருந்து ஆட்டோ, பத்து கிலோமீட்டர், இருநூற்றைம்பது. பேரம் பேசிப் பாருங்கள், எனக்கு அது வராது. ஓட்டுநர் மலையாளத்தில் தொடங்கி, என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"அண்டியாபீசுக்கா சாறே? எனக்க பெண்டாட்டி ஸ்டெல்லாவும் அங்கதான் வேல. இண்ணைக்கு லீவாக்கும்" என்றார். ஏனென்று கேட்டேன். ஹாரன் அடித்தார்.

ஆலையில் மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் காட்டினார். முதலுதவிப் பெட்டியின் கவர்கூடப் பிரிக்கப்படவில்லை. புது நாற்காலிகளும் அப்படியே. யாருக்காவது நோய் உண்டா என்றால், ஒருவருக்கும் இல்லையாம். அறுபது பெண்கள், ஒருவருக்குக்கூடத் தலைவலி இல்லை! எல்லாம் நடிப்பு என்ற கடுப்போடு மதிப்பெண்களைக் குறைவாகவே போட்டுக்கொண்டு வந்தேன்.

மதியம் கஞ்சியும் சிறுபயறும். எனக்கே ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரைதான் கதி. "உப்புப் போடாத கஞ்சி கிடைக்குமா?" என்று கேட்டேன். சமைக்கும் மெர்சியின் கை அப்படியே நின்றது. மேற்பார்வையாளரைப் பார்த்தார். பிறகு விறகுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னச் சட்டியை எடுத்து வந்தார்.

"பிரஷர் உள்ள மூணு பேருக்காக்கும் சாறே. ரெண்டு வருசமா தனியா வைக்கியோம். தல சுத்துனா ஜன்னல் பக்கம் இருத்திட்டு, அவியளுக்க பங்கையும் நாங்களே உரிச்சுப் போடுவோம்."

"அதை ஏன் ஒளித்தீர்கள்?"

"நீங்க எங்களுக்க உடம்புக்கு மார்க் போட வாறியளுண்ணு நெனச்சோம். சீக்கு உண்டுண்ணு தெரிஞ்சா வேல போயிருமே. மூணு பேரையும் இண்ணைக்கு வரண்டாண்ணு சொல்லியாச்சு. கை பழக்கத்துல கஞ்சி மட்டும் வச்சுட்டேன்."

மதிப்பெண் உடம்புக்கு இல்லை, இந்தச் சட்டிக்குத்தான் என்று சொன்னேன். மெர்சி நம்பவில்லை. ஸ்டெல்லாவின் லீவுக்குக் காரணம் எனக்கு இப்போது புரிந்தது; காலையில் வாங்கி வைத்திருந்த எண்ணில் ஓட்டுநருக்கு நானே போன் போட்டு, அவரைக் கூட்டி வரச் சொன்னேன்.

இருபது நிமிடத்தில் ஸ்டெல்லாவைக் கூட்டி வந்தார். ஸ்டெல்லா வாசல்படியைத் தாண்டவில்லை. "சாறே, எனக்க பேர வெட்டிருவியளா?"

"நானும் மாத்திரை போடுகிற ஆள்தான். வாங்க, பசிக்கிறது" என்றேன். ஒரே சட்டிக் கஞ்சியைக் குடித்தோம். இத்தனை ருசியான உப்பில்லாக் கஞ்சியை நான் குடித்ததில்லை.

திரும்புவதற்கு நெய்யாற்றின்கரை பஸ் நல்லது, அங்கே ரயில் உண்டு. வேலையிடங்களை மதிப்பிடப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதலிலேயே எதற்காக வந்தோம் என்று தொழிலாளர்களிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாததால் மூன்று பேர் ஒரு நாள் கூலியை இழந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் சமையல்கட்டிலும் இருங்கள். உப்பில்லாக் கஞ்சிக்கு என் படிவத்தில் கேள்வியே இல்லை. ஓரத்தில் எழுதி, மற்ற மதிப்பெண்களையும் திருத்தினேன்.

நான் கிளம்பும்போது மெர்சி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "எட்டி, நாளைக்கு உனக்கும் சேத்து வைக்கட்டா?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

"வையி. வாறேன்" என்றார் ஸ்டெல்லா.