சனிக்கிழமை இனிப்பு

லண்டனுக்கு வந்த புதிதில், ஹரோவில் பள்ளிக்கூட வாசலில் வைத்து என் மகளுக்கு ஒரு சொக்லேட் கொடுத்தேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் எதையாவது மென்றுகொண்டு போக, அவள் மட்டும் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இண்டைக்குப் புதன், அம்மா."

நாங்கள் நோர்வேயின் வடகரையில் உள்ள ஒரு மீன்பிடி ஊரிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது அங்கேதான். அந்த நாட்டில் பிள்ளைகளுக்கு இனிப்பு சனிக்கிழமை மட்டும்தான். கடையில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். சின்ன அகப்பையால் தாங்களே அள்ளிக் கடதாசிப் பையில் போட்டுக்கொள்வார்கள். என் மகள் எப்போதும் அள்ளுவது லக்ரிஸ் என்கிற கறுப்புச் சாமானை. அதிமதுரத்தில் செய்து, அது போதாதென்று உப்பும் போட்டிருப்பார்கள். நான் ஒரேயொரு முறை வாயில் வைத்தேன். இருமல் மருந்தில் கருவாட்டைத் தோய்த்தது போல இருந்தது. அதை அவளும் அடுத்த வீட்டு நோர்வேத் தோழியும் படியில் குந்தியிருந்து, ஒன்றுக்கு ஒன்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள்.

லண்டனில் சனிக்கிழமை என்றால் தமிழ் வகுப்பு. காலையில் கொண்டுபோய் விடுவேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே போவாள். சரி, இனிப்புத்தானே பிரச்சினை என்று தமிழ்க் கடைகள் உள்ள குட்மேய்ஸ் வரை போய், நான் சின்ன வயதில் உயிரை விட்ட தோடம்பழ இனிப்பும் எள்ளுப்பாகும் தேடி வாங்கிவந்தேன். ஒரு துண்டு கடித்தாள். "நல்லாயிருக்கு" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மிச்சத்தை மேசையில் வைத்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. என் சின்ன வயதை எடுத்து நீட்டினால் அவள் சின்ன வயது ஆறிவிடும் என்று நினைத்த என்னில்தான் அந்தக் கோபம்.

படுக்கப் போகும்போது அவள் தன் பொம்மையோடு நொஸ்க்கில் கதைப்பாள். நோர்வே மொழியை அங்குள்ள தமிழர் அப்படித்தான் சொல்வார்கள். சில நாள் கதைத்துக்கொண்டே அழுவாள். கதவைத் திறந்து என்ன பிள்ளை என்று கேட்டால், தமிழில் "ஒண்டுமில்லை" என்பாள். எங்கள் வீட்டுத் தமிழில் சோறு இருந்தது, குளிப்பு இருந்தது, சப்பாத்து இருந்தது. துக்கம் சொல்ல வேண்டிய சொற்களை அவள் வேறு மொழியில் பழகியிருந்தாள்.

எனக்கு அந்த மொழி தெரியாது. அத்தனை வருடம் இருந்தும் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: மீன் தொழிற்சாலையில் எனக்கு இந்தப் பக்கமும் தமிழ்ப் பெண், அந்தப் பக்கமும் தமிழ்ப் பெண், நடுவில் மீன். மீனோடு கதைக்க மொழி தேவையில்லை. வெளி வேலை எல்லாம் கணவர் பார்த்துக்கொண்டார். இப்போதும் அவர்தான் முன்வந்தார்.

"நான் கேட்டுச் சொல்லுறன்," என்றார்.

"வேண்டாம். என்ரை பிள்ளை ஏன் அழுறாள் எண்டு எனக்கு ஆரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. நான் படிக்கப் போறன்."

"உமக்கென்ன விசரே? அங்கை இருக்கேக்கை படிக்காமல், லண்டனுக்கு வந்து நொஸ்க் படிக்கப் போறீரோ? முதல் இங்கிலீசைப் படியும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததாலேயே எனக்கு இன்னும் வீம்பு ஏறியது.

அவளுடைய பழைய படப்புத்தகங்கள் ஒரு பெட்டியில் இருந்தன. பிள்ளைப் பாட்டுக் கசெட்டுகளும் இருந்தன. பழைய புத்தகக் கடையில் நொஸ்க்–ஆங்கில அகராதி ஒன்று அகப்பட்டது. அதில் ஒரு சொல்லைப் பார்த்தால் ஆங்கிலத்தில் பொருள் வரும், அந்த ஆங்கிலம் எனக்குத் தெரியாது, அதற்கு இன்னொரு அகராதி. கரடியையும் முயலையும் பற்றிய ஒரு பக்கத்தை வாசித்து முடிக்க ஒரு வாரம் போகும். நான் ஒரு ஹொட்டேலின் சலவைப் பகுதியில் விரிப்பு மடிக்கும் வேலையில் இருந்தேன். காதில் வோக்மன். மெட்ரோபொலிட்டன் ரெயினிலும் காதில் வோக்மன். ஆட்டுக்குட்டிப் பாட்டை வாய்விட்டு முணுமுணுக்கிற தமிழ்ப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்க ஆட்கள் யோசித்தார்கள். எனக்கு இடம் வசதியாகக் கிடைத்தது.

கொஞ்சம் பிடிபட்டதும், நடு லண்டனில் வட ஐரோப்பியச் சாமான் விற்கும் கடை ஒன்றைத் தேடிப்போய் நொஸ்க்கில் லக்ரிஸ் கேட்டேன். கடைப் பெண் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நான் விடவில்லை, மறுபடி நொஸ்க்கில் கேட்டேன். அவளும் ஏதோ மொழியில் நீளமாகச் சொன்னாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. இத்தனை நாள் பாடுபட்டும் மண்ணாய்ப் போயிற்றே என்று கலங்கி நிற்க, அவள் சிரித்துக்கொண்டு தான் சுவீடன்காரி என்றாள். பையை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன்.

அந்தச் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்து வந்தவளிடம் கடதாசிப் பையை நீட்டி, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை நொஸ்க்கில் சொன்னேன். இன்றைக்குச் சனிக்கிழமை, எனக்கும் ஒன்று தருவாயா? அவள் வாயைப் பிளந்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். என் உச்சரிப்பைத் திருத்தினாள். நான் ஒரு கறுப்புத் துண்டை வாயில் போட்டு, முகம் கோணாமல் மென்று விழுங்கினேன். இதையும் தாண்டாமல் அவளிடம் போக வழியில்லை.

அன்று பொம்மையைத் தள்ளி வைத்துவிட்டு என்னோடு கதைத்தாள். மெதுவாக, எனக்கு விளங்குகிற மாதிரி. நோர்வேயிலிருந்து புறப்படும்போது நாங்கள் எல்லா வீட்டுக்கும் போய் விடைபெற்றிருந்தோம். போகிறோம் என்று சொல்வது நம் ஆட்களிடம் வழக்கமில்லை. "போயிட்டு வாறம்" என்றுதான் ஒவ்வொரு வாசலிலும் சொன்னோம். அவள் அதைக் கேட்டு அப்படியே தோழியிடம் சொல்லியிருக்கிறாள். லண்டன் இனிப்பு வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வந்துவிடுவேன், படியில் இரு என்று. எத்தனையோ சனிக்கிழமை போய்விட்டது. தோழி இன்னும் படியில் இருப்பாளா என்று கேட்டாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்களுக்கு நொஸ்க்தான். தோழியின் தொலைபேசி எண்ணைத் தேடினோம். அவர்களும் வீடு மாறிவிட்டார்கள் என்று தெரிந்தது. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணிடம் எங்கள் எண்ணைக் கொடுத்து, அந்தக் குடும்பத்தைக் கண்டால் கொடுக்கச் சொன்னேன்.

இதற்குள் மகளுக்கு ஆங்கிலம் வெள்ளம் மாதிரி வந்தது. நான் நொஸ்க்கில் கேட்டால் அவள் தமிழும் ஆங்கிலமும் கலந்து பதில் சொன்னாள். பிறகு கேள்வியே விளங்காமல் என்னைப் பார்த்தாள். பொம்மை அலுமாரிக்குள் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை சொக்லேட்டை உரித்துச் சாப்பிட்டாள், கிழமை கேட்கவில்லை. கணவருக்கு நிம்மதி. "பிள்ளை பழகீட்டுது, இனி உம்மடை படிப்பு என்னத்துக்கு?" என்றார். நான் அகராதியை மூடவில்லை. அவள் கைவிட்டதை நானும் கைவிட்டால், அந்த ஏழு வயதுப் பிள்ளையை இந்த வீட்டில் தெரிந்தவர் யார்? கரடிப் புத்தகம் முடிந்து, பெரியவர்களின் புத்தகத்தில் கை வைத்தேன்.

அவளுக்கு ஒன்பது வயது நடந்தபோது தொலைபேசி அடித்தது. ஒரு சிறுமியின் குரல், தயங்கித் தயங்கி, மகளின் பெயரைச் சொன்னது. ரிசீவரைக் கொடுத்தேன். மகளின் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிப் பார்த்தாள், அந்தப் பக்கம் அந்த அளவுக்கு ஆங்கிலம் இல்லை. ரிசீவரை என்னிடம் நீட்டினாள். கண் நிறைந்திருந்தது.

நான் வாங்கிக் கதைத்தேன். தோழி கேட்டதைத் தமிழில் சொன்னேன். மகள் சொன்னதை நொஸ்க்கில் சொன்னேன். புதுப் பள்ளிக்கூடம், நாய்க்குட்டி, விழுந்த பல் என்று போனது. பிறகு அந்தப் பிள்ளை கேட்டாள், அவளுக்கு எங்கள் மொழி மறந்துவிட்டதா என்று.

நான் அதை மகளிடம் சொன்னேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்.

"அம்மா, நான் ஒண்டும் மறக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

அதை ஒரு பிழையும் இல்லாமல் நொஸ்க்கில் சொன்னேன்.