மூன்று கட்டங்களில் என் தந்தை

எழுபதுகளின் நடுவில், புளி உலுக்கும் பருவத்தில், அந்த ஓவியர் எங்கள் மலையூருக்கு வந்தார். நாளிதழ் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் வாரந்தோறும் மூன்று கட்டங்களில் நகைச்சுவைப் படக்கதை வரைபவர் அவர். புதிய முகங்களைத் தேடி மலையேறியதாகக் கூறினார். வனத்துறை விடுதியில் தங்கியிருந்தவர், ஒரு முற்பகலில் எங்கள் வேலிப்படலைத் தாமே திறந்துகொண்டு முற்றத்தில் வந்து நின்றார். புளியம்பழத்தின் ஓடு நீக்கிக்கொண்டிருந்த என் தந்தை திடுக்கிட்டு எழுந்து, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவரை, "வாங்க, வாங்க" என்று முறைப்படி அழைத்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. தாய் இறந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன. காய்ச்சலில் இறந்தாள் என்பதற்கு மேல் எவரும் எனக்கு எதுவும் சொன்னதில்லை. விருந்தினருக்குத் தேன் எடுத்துவரத் தந்தை வீட்டினுள் சென்றதும், நான் ஓவியரைக் கண்டிக்கத் தொடங்கினேன்.

"வேலிக்கு அந்தாண்ட நின்னு கொரல் குடுக்கணுங்க. வூட்டுக்காரங்க 'வா'ன்னு சொன்னாத்தான் உள்ள வரணும்."

"யாருமே சொல்லலைன்னா?"

"சொல்ற வரிக்கும் நிக்கணும். எங்கப்பா ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னாருங்க. 'வூட்டுக்காரங்களே, வர்லாங்களா'ன்னு பொழுதுக்கும் கூப்ட்டாராம்."

ஓவியர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நகரத்துப் பெரியவர் ஒருவரை அவ்வளவு சிரிக்கவைத்தது என் வாழ்வில் அதுவே முதல்முறை. ஆகவே தந்தை கைகூப்பி நின்றிருக்கக்கூடிய கோலத்தையும் நீட்டி முழக்கிய குரலையும் நடித்தே காட்டினேன்.

அந்தக் கதை எனக்கு எங்கள் உறைவிடப் பள்ளியின் சமையற்காரர் வழியே கிட்டியது. மலைக்காரர்களைப் பற்றி அடிவாரத்தார் சொல்லிச் சிரிக்கும் கதைகளுள் அதுவும் ஒன்று. அது உண்மையா என்று வீட்டில் கேட்டபோது தந்தை, "ஆமா பாப்பா, நான்தான்" என்று மட்டும் கூறிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார். புகழை விரும்பாதவர் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

ஓவியர் தேனைச் சுவைத்தபடியே தந்தையின் குடுமியையும் முண்டாசையும் வெடித்த பாதங்களையும் வரைந்துகொண்டார்.

சில வாரங்களுக்குப் பின் ஒடுகத்தூர்ச் சந்தைக்குப் புளி கொண்டுசென்றோம். தேநீர்க்கடை முன் தந்தை மூட்டையை இறக்கியதும் கடைக்காரர் நாளிதழை உயர்த்திப் பிடித்தார்.

"யோவ், பேப்பர்ல வந்துட்டியேயா! வூட்டுக்காரங்களே, வர்லாங்களா!"

பெஞ்சில் இருந்தவரும் சேர்ந்துகொண்டார். "இன்னாத்துக்குய்யா வெளிய நிக்கற? டீக்கடைதான், பூந்து வா!"

"நாயி வந்து கூப்ட்டாத்தான் வருவாரு" என்றார் மற்றொருவர். கடையே அதிர்ந்தது.

நான் பெருமிதத்தில் பூரித்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கினேன். முதற்கட்டத்தில் குடுமிக்காரர் ஒருவர் மருத்துவமனை வாசலில் கைகூப்பி நிற்கிறார். இரண்டாவதில் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். மூன்றாவதில் உள்ளிருந்து ஒரு நாய் வெளிவர, அதனிடம் குனிந்து, "வர்லாங்களா?" என்கிறார். கோடுகள் துல்லியமானவை. குடுமி, முண்டாசு, பாதம் யாவும் என் தந்தையினுடையவை.

தந்தைக்கு எழுத்துத் தெரியாது. படித்துக் காட்ட நான் வாயெடுக்குமுன் அவர் தாளை வாங்கிக்கொண்டார். படக்கதைக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. அதுவே அக்கலையின் தனிச்சிறப்பு என்று அறிஞர்கள் கூறப் பின்னாளில் கேட்டிருக்கிறேன். அவர் விரல் கட்டம் கட்டமாக நகர்ந்து, திரும்பி வந்து, இரண்டாவதில் நின்றது.

"உங்கம்மாவ எங்க காணம்?"

"அம்மா இதுல வர மாட்டாங்கப்பா. இது சிரிப்புக் கதை."

அவர் தலையசைத்தார். அதன்பின் அவர் சந்தைக்கு இறங்கவேயில்லை. எங்கள் புளியைச் சித்தப்பாவே கொண்டுசென்றார்.

எங்கள் வீட்டில் தாயின் நிழற்படம் ஒன்றுகூட இல்லை. அந்த ஏக்கத்தில்தான் தந்தை அவ்வாறு கேட்டார் என்று கருதினேன். மறுநாள் அடுப்புக்கரியைக் கூராக்கி, இரண்டாம் கட்டத்தில், அவர் அருகே ஒரு பெண்ணை வரைந்தேன். நிமிர்ந்து நின்றாள், கொண்டையில் பூ வைத்திருந்தாள், சிரித்தாள். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தந்தை தாளை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"நிக்கறாளே" என்றார்.

என் கைத்திறனைப் பாராட்டியதாக மகிழ்ந்தேன். அன்று அந்த வாசலில், மலையிலிருந்து கம்பளித் தூளியில் சுமந்துவரப்பட்ட என் தாய் அவர் காலடியில் தரையில் கிடந்தாள் என்பதையும், உள்ளே சென்றவரும் வெளியே வந்தவரும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள் என்பதையும், மாலையில் வாசல் பெருக்க வந்த ஒருத்தி "இன்னாத்துக்குய்யா இங்கயே நிக்கற? இட்டுகினு உள்ள போ" என்று சொன்னபோது இட்டுச்செல்ல அவள் உயிரோடு இல்லை என்பதையும் அத்தை எனக்குச் சொல்ல இன்னும் பத்தாண்டுகள் இருந்தன.