சாயம் ஏறாத இடம்

செவ்வாய்க்கிழமை காலை, மெழுகில் பதித்த தசைத்துண்டு ஒன்றை மெல்லிய ஏடாகச் சீவி வெந்நீரில் மிதக்க விட்டிருந்தேன். தொலைபேசியில் சிவாவின் பெயர் தெரிந்தது. நோயாய்க் கிடந்த டொக்டர் தவமணியின் தம்பி அவர். அவர் அழைத்தால் என்ன செய்தியாக இருக்கும் என்பது ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஈரக் கையைத் துடைக்கும் சாக்கில், எடுக்காமலே கொஞ்ச நேரம் நின்றேன்.

"அக்கா போயிட்டாங்க, ஜெசிக்கா," என்றார். "றொசல்லைக்கு, ஊருக்குத்தான் கொண்டு வர்றோம். வந்துருங்க."

திரும்பிப் பார்த்தபோது நீரில் கிடந்த ஏடு அளவுக்கு மீறி விரிந்து கிழிந்திருந்தது. அவர் இருந்திருந்தால் கோபிக்காமல் இன்னொன்று சீவச் சொல்லியிருப்பார்.

டொக்டர் தவமணி எங்கள் ஆஸ்பத்திரியின் நோயியல் நிபுணர். உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து, அது என்ன நோய் என்று சொல்பவர். அவர் எழுதிய ஒரு வரியால் வாழ்க்கை மாறிப்போனவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் அவர் முகத்தைக் கண்டதில்லை. நான் அந்தத் துண்டுகளுக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்பவள். அவரும் நானும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பதால், மற்றவர்களிடம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசுகிறவர் என்னிடம் மட்டும் தோட்டத்துப் பேச்சில் பேசுவார்.

அவருடைய தாயார் றொசல்லைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். வெற்றிலையும் புகையிலையும் வாயைவிட்டு நீங்கியதில்லையாம். ஒருநாள் சோறு இறங்கவில்லை என்றார். பிறகு கஞ்சியும் இறங்கவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்ற சொல்லே அப்போதுதான் அறிமுகமாயிற்று. அதைப் பற்றி டொக்டர் என்னிடம் ஒரேயொரு முறைதான் பேசினார்.

"அம்மா தண்ணிய வாயில வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, ஜெசி. முழுங்கவும் முடியாது, துப்பவும் மனசு வராது."

உணவுக்குழாய்த் துண்டுகள் வந்தால் அவர் மற்ற வேலைகளை ஒதுக்கிவிடுவார். புற்றுநோய் ஆவதற்கு முந்திய நிலை என்று ஒன்று இருக்கிறது. அந்த நிலையில் உள்ள உயிரணுவும், வெறும் புண்ணால் உருமாறிய உயிரணுவும் வழக்கமான சாயத்தில் சில வேளைகளில் ஒரே மாதிரி இருக்கும். பிரித்தறிய ஒரு புரதம் உதவும். அதன் பெயர் பி-53. பழுதுபட்ட உயிரணு பெருகாதபடி தடுத்து நிறுத்துவது அதன் வேலை. அது கெட்டுப்போனால் உயிரணுவின் கருவுக்குள் குவிந்துவிடும். அதற்குரிய சாயத்தை ஏற்றினால் மரப்பட்டை போல அடர்ந்த கபில நிறமாகத் தெரியும். அந்தச் சாயத்தை எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பெற்றுத்தருவதற்காக அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை.

அப்படிப்பட்டவர் தன் தொண்டையில் ஏதோ உறுத்துவதை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டில் ரொட்டியைத் தேத்தண்ணீரில் ஊறவைத்தே சாப்பிடுவதைக் கண்டு நான்தான் கேட்டேன்.

"பயத்துலயும் தொண்ட அடைக்கும், ஜெசி," என்றார்.

"அப்ப வாய் வழியா கெமரா போட்டுப் பாத்துருவோம், டொக்டர். நான் கூட வர்றேன்."

"மத்தவங்களுக்கு ரிப்போட் எழுதுறது லேசு. என் பேர் ஒட்டுன போத்தல் மேசைக்கு வந்தா நான் என்ன செய்வேன்?"

அதன் பிறகும் சில வாரங்கள் தட்டிக்கழித்தார். கடைசியில் வந்தார். கட்டிலில் சரிந்து படுத்ததும் என் விரல்களைப் பிடித்தார். மோதிரம் அழுத்தி வலிக்கும் அளவுக்குப் பிடித்தார். கெமராக் குழாய் வழியாக அயடீன் தெளித்தார்கள். நல்ல தோல் அதை உறிஞ்சிக் கறுத்துவிடும். திரையில் எல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. நடுவில் நகத்தளவு ஓர் இடம் மட்டும் வெளிறி நின்றது. அவரால் திரையைப் பார்க்க முடியாது. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தை மாற்றாமல் வைத்திருக்கப் படாத பாடு பட்டேன்.

அந்த இடத்திலிருந்து கிள்ளிய துண்டுகள் எங்களிடமே வந்தன. வழக்கமான சாயத்தில் தெளிவான பதில் இல்லை.

"ரிப்போட்ட கொழும்புல எழுதட்டும். பயந்தவ கண்ணு சரியாப் பாக்காது," என்றார். "ஆனா பி-53 போட்டு எனக்கு ஒருக்காக் காட்டுங்க. நான் தெரிஞ்சுக்கணும்."

அன்றே சாயம் ஏற்றினேன். வேலை முடிந்ததும் அவரிடம் கொண்டுபோகும் முன் நானே பார்த்தேன். அடர்ந்த கபிலம் எங்கும் இல்லை. அழுதுவிட்டேன். அவருடைய அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

"டொக்டர், ஒண்ணுமில்ல. கபிலமே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடித் தகட்டை வைத்து வெகுநேரம் பார்த்தார். இருவர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டி அது. எதிரில் உட்காரச் சொன்னார்.

"இது நல்ல எடம். அங்கங்க லேசா நெறம் தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப சாயம் சரியாப் பிடிச்சிருக்கு. உங்க வேலையில பிழை இல்ல." தகட்டை மெல்ல நகர்த்தினார். "இப்ப இங்க பாருங்க. ஒரு புள்ளி கூட இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"நல்ல எடத்துல அந்தப் புரதம் கொஞ்சமாவது இருக்கும், ஜெசி. குவிஞ்சு கெடந்தாலும் கூடாது, அடியோட இல்லாமப் போனாலும் கூடாது. இங்க அடியோட இல்ல."

விளக்கை அணைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு உள்ளேயே நின்றேன். அவர் இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"அம்மாவுக்கும் இப்பிடி ஒரு எடத்துலதான் ஆரம்பிச்சிருக்கும்," என்றார்.

கொழும்பிலிருந்தும் அதே பதில் வந்தது: முற்றிய முன்நிலை, இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. நெஞ்சைக் கிழிக்காமல் கெமராக் குழாய் வழியாகவே அந்தப் பகுதியை உரித்து எடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் வேலைக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகுதான் அவர் சனிக்கிழமைகளில் டிக்கோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். நானும் போவேன். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் முன்னால் பெண்களை உட்காரவைத்துப் பேசுவார். ஒருமுறை ஒரு பெண் கேட்டார்: "கெமரா போட்டா செத்துருவாங்களாமே, டொக்டரம்மா?"

"எனக்கும் போட்டாங்க. பயத்துல செத்தேன். கெமராவுல சாகல."

பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் தொடர்ந்தார்: "பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பயந்துக்கிட்டே வாங்க." அப்படி வந்தவர்களில் சிலருக்கு நேரத்தோடு நோயைக் கண்டுபிடித்தோம். அவர்கள் இன்றும் கொழுந்து எடுக்கிறார்கள்.

ஆனால் அவருடைய பயம் ஒருபோதும் குறையவில்லை என்பதை அருகில் இருந்த நான் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் முந்திய வாரம் அவரால் சாப்பிட முடியாது. நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தாலும் முகம் தெளிய நாளாகும். "இந்தத் தடவ இல்ல, அவ்வளவுதான்," என்பார்.

ஏழு வருடங்கள் அப்படியே போயின. பிறகு ஒரு மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடிக்கிடந்தது. கொழும்புக்குப் போக வேண்டிய பரிசோதனை ஒன்று தள்ளிப்போனது. அடுத்த முறை பார்த்தபோது நோய் வேறோர் இடத்தில், கீழே, ஆழமாக இறங்கியிருந்தது. முன்பே போயிருந்தால் தெரிந்திருக்குமா என்று நான் கேட்டேன். தெரியாது என்றார். அந்தத் தெரியாமையை அவர் ஏற்றுக்கொண்டாரா, எனக்காக அப்படிச் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு தம்பி வீட்டில் இருந்தார். கடைசியாகப் போனபோது குழாய் வழியாகத்தான் ஆகாரம். குரல் கம்மியிருந்தது. பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு. அம்மாவுக்கு என்னான்னே தெரியாத பயம். எனக்கு எல்லாம் தெரிஞ்ச பயம். எது பரவால்லன்னு யோசிச்சுக்கிட்டு கெடக்கேன்." சற்று நேரம் மூச்சு வாங்கினார். "ஆனா நடுவுல ஏழு வருஷம் கெடச்சுச்சு, ஜெசி. அம்மாவுக்கு ஒரு நாள் கூடக் கெடைக்கல."

புதன்கிழமை பிற்பகல் தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பகல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பல மலைகளிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். மண் போட்டுவிட்டு நான் பாதைக்கு இறங்கும்போது யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். உதட்டில் வெற்றிலைக் காவி.

"அக்கா, நீங்க டொக்டரம்மாவோட வர்றவங்கதானே?"

"ஆமா."

"ரெண்டு மாசமா ரொட்டி திண்டா நெஞ்சுல நிக்கிது. டொக்டரம்மா வந்தா சொல்லலாம்னு இருந்தேன்."

"வீட்டுல சொன்னீங்களா?"

"இல்லக்கா. பயமா இருக்கு."

பயப்படாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன். "நாளைக்குக் காலையில போவோம். நான் கூட வர்றேன்."

அவர் தலையை ஆட்டினார். பஸ் வரும்வரை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. மழையில் நனைந்த அந்தக் கை சில்லென்றிருந்தது. நடுங்கியது அவர் கையா, என் கையா என்று பிரித்தறிய முடியவில்லை.

நீங்கள் இளைப்பாறுங்கள், டொக்டர். நாங்கள் பயந்துகொண்டே போகிறோம்.