பாரசீக ஓவியருக்காகக் கத்தியவர்

நாற்பது வயதுக்கு மேல், கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போய் உளவியல் ஆராய்ச்சி செய்தேன். தலைப்பு, பழைய பாரசீக நுண்ணோவியர் ஒருவரின் ஆளுமை. என்றைக்கோ செத்துப்போனவர் குணத்தை அளக்கும் கேள்வித்தாளை நிரப்புவாரா? அவருக்காக நானே டிக் அடித்தேன். ஒரு நாள், விடிந்தால் அதை நெறியாளரிடம் கொடுக்க வேண்டும். பயத்தில் காலையிலிருந்து நாலு முறை கழிப்பறைக்குப் போயாயிற்று.

நூலகத்தில் படப் புத்தகம் எடுத்துத் தருபவர் ஒல்லி, முரட்டு மீசை. எச்சில் தொட்டுப் புரட்டுகிறவர்களை நம்பாமல், ஐஸ் குச்சியால் தானே பக்கம் புரட்டிக் காட்டுவார். அன்று என் தாளை எட்டிப் பார்த்தார்.

“எதுக்கெடுத்தாலும் பதறுவாரா? ஆமான்னு போட்டிருக்கீங்க. யாரு சார் சொன்னா?”

“படத்த வச்சு ஒரு ஊகம்தான்.”

“ஊகமா? இந்தக் குதிரைப் பிடரியப் பாருங்க. ஒவ்வொரு முடியும் தனியா நிக்குது. பதறுற கை போட்ட கோடா இது? பதறுறது நீங்க! உங்க குணத்த அவுரு தலையில கட்டுறீங்க. வந்து கேக்கமாட்டாருன்னு தைரியம்!”

மொத்த ஹாலும் திரும்பியது.

“புத்தகம் எடுத்துக் குடுக்கிற வேலைய மட்டும் பாருய்யா!” என்று நானும் கத்தினேன்.

கடலூர் வரும்வரை அவரைத் திட்டினேன். வீட்டில் தாளைப் படித்தால் கூச்சம், சந்தேகம், படபடப்பு, எல்லாமே நான்தான். மாற்றி எழுதத் துணிச்சல் இல்லை. அப்படியே கொடுத்தேன், பட்டமும் தந்தார்கள். ஓவியர் பக்கம் பேச வேறு ஒருத்தரும் இல்லை.

ஆய்வேட்டின் நன்றியுரையில் டீக்கடைக்காரர் வரை பேர் போட்டேன். இந்த மீசைக்காரர் பேரை நான் கேட்டதே இல்லை.